ஒலி வந்த பாதை – 11: விடியும் வரை ஓடிய நாடா

பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் பூனாகலை பஸ் ஏறியவர்களுக்கு ‘நொன்ஸ்டொப்’ என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. டிரைவர் என்ஜினை முடுக்கியதும் பாட்டும் கிளம்பிவிடும். ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று பிடிக்க முடியாது. சிங்களப் பாட்டு தமிழ்ப் பாட்டாகும், தமிழ்ப் பாட்டு ஹிந்திப் பாட்டாகும். அடியில் ஓடுகிற ‘டம் டம்’ மட்டும் மாறாது. வளைவுகளில் பஸ் மூச்சு வாங்கும்போதும் அது நிற்பதில்லை. சந்தியில் இறங்கி லயத்துக்கு நடக்கும்போது, மேலே ஏறிப்போகும் பஸ்ஸிலிருந்து அதே அடி மலைமடிப்பில் மோதித் திரும்பக் கேட்கும்.

சென்ற வாரக் கட்டுரை றெக்கோடிங் பார் காலத்தோடு நின்றது. பாட்டுப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, காலிக் கசட்டோடு கடையில் கொடுத்துப் பதிந்து வாங்கிய காலம் அது. அந்தக் கசட்டில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நாலு விநாடி மௌனம் இருந்தது. அந்த மௌனம் எப்போது காணாமல் போனது? நமது பைலா மேடைகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. இன்னொரு பங்கு, 80களின் கடைசியிலும் 90களிலும் இங்கிலாந்தின் வயல்வெளிகளிலும் கோவாவின் கடற்கரைகளிலும் விடிய விடிய நடந்த ‘ரேவ்’ இரவுகளுக்கு உரியது. ஆடியவர்களுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. வயல்கள் மறுபடி வயல்களாகிவிட்டன. அந்த இரவுகளில் ஓடிய கசட்டுகள் மட்டும் இருக்கின்றன. அவற்றைத்தான் இன்று ஒருவர் மாற்றி ஒருவர் தூசி தட்டிக் கேட்கிறார்கள்.

கதை சிகாகோவில் தொடங்குகிறது. 1980களில் அந்த நகரின் கறுப்பின இளைஞர்கள் கூடிய நடனக் கூடங்களில் ஒன்று மியூசிக் பொக்ஸ். அங்கே இசைத்தட்டு ஓட்டியவர் ரொன் ஹார்டி. ஃபியூச்சர் என்ற மூவர் குழு ஒரு நாள் அவரிடம் வீட்டில் பதிந்த நாடா ஒன்றைக் கொடுத்தது. அதில் பாடல் வரி கிடையாது. தாளமும், அதன்மேல் ரப்பரை இழுத்து விட்டதுபோல் நெளியும் ஓர் எந்திர ஒலியும்தான். ஹார்டி முதல் முறை ஓட்டியபோது ஆடுதளம் வெறிச்சோடியதாம். அதே இரவில் அவர் விடவில்லை, மறுபடி மறுபடி ஓட்டினார். நாலாம் முறை கூட்டம் தன்னை மறந்து ஆடியது. பாட்டுக்குப் பெயரே இல்லாததால் ‘ரொன் ஹார்டியின் அசிட் ட்ராக்’ என்று ஜனமே பெயர் வைத்தது. 1987இல் இசைத்தட்டாக வெளிவந்தபோது அந்தப் பெயரே நிலைத்தது. கடைக்கு வருவதற்கு முன்பே கூட்டத்துக்குள் சிறு கருவி கொண்டுவந்து அதைப் பதிந்துபோனவர்கள் இருந்தார்கள். ஆக, இந்த இசையின் முதல் அடியே ஒரு நாடாவில் விழுந்த அடி.

நெளியும் அந்த ஒலியைத் தந்தது ரோலண்ட் டீ.பி. 303 என்ற ஜப்பானியப் பெட்டி. தனியே கிட்டார் பயிலுகிறவர்களுக்குப் பக்கத்துணையாக பேஸ் கிட்டார் வாசிக்கட்டும் என்று செய்தது. பேஸ் கிட்டார் போலவே இல்லையென்று வாங்க ஆளில்லாமல், 1984இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பழைய பொருள் கடையில் சல்லிசாகக் கிடைத்ததை வாங்கிய பிள்ளைகள்தான் அதன் குமிழ்களைத் தாறுமாறாகத் திருகி ஒரு புதிய இசையைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அவர்களுக்கும் முன்னே, 1982இல், பம்பாய்த் திரைப்பட வாத்தியக்காரர் சரண்ஜித் சிங் அதே பெட்டியில் பைரவியையும் மால்கோசையும் ஓட்டி ‘டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்று ஓர் இசைத்தட்டே போட்டிருந்தார். அன்று அது விற்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோதுதான் உலகம் மூக்கில் விரலை வைத்தது. 2015இல் அவர் இறந்தார். கடைசி ஐந்து ஆண்டுகளாவது அந்தப் பெருமை அவர் காதுக்கு எட்டியதே என்று மனது கொஞ்சம் ஆறுகிறது.

அட்லாண்டிக்கைக் கடந்து இந்த இசை இங்கிலாந்துக்கு வந்தது. 1988, 89ஆம் ஆண்டுகளில் லண்டனைச் சுற்றி ஓடும் எம். 25 பெருஞ்சாலையின் இருபக்கமும், காலியான பண்டசாலைகளிலும் விமானக் கொட்டகைகளிலும் வயல்களிலும் ஆயிரக்கணக்கான பேர் கூடினார்கள். இடம் கடைசி வரை இரகசியம். ஒரு தொலைபேசி எண்ணை அழைத்தால், பதிந்த குரல் ‘இந்த வழியால் வா’ என்று சொல்லும். பிறகு கார்கள் வரிசையாக இருட்டில் விளக்கைத் தேடிப் போகும். பொலிஸ் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் பத்தாயிரம் பேர் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

அந்த இளைஞர்களின் நகரங்களில் சுரங்கமும் ஆலையும் மூடிக் கிடந்தன என்பதை இந்தக் கதையிலிருந்து பிரித்துவிட முடியாது. டெக்னோ என்ற கிளை பிறந்த டெட்ராய்ட்டும் கார்த் தொழிற்சாலைகள் வெறுமையான ஊர்தான். வேலையோடு கட்டப்பட்ட வாழ்க்கையில், வேலை இல்லாத இரவை முழுக்கத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் ஆசை எப்படிப்பட்டது என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூடவே போதைமாத்திரையும் வந்தது. ‘எக்ஸ்டஸி’ என்ற அந்த மாத்திரையால் இளம் பிள்ளைகள் இறந்தார்கள். பழைய நாடாக்களைப் பற்றி ஆசையோடு பேசுகிறவர்களில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது தவறு. பிள்ளையை இழந்த வீடுகளும் அந்த இரவுகளின் கணக்கில்தான் வரும்.

1992 மே மாத இறுதியில் காசில்மோட்டன் பொதுவெளியில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு வாரம் தங்கி ஆடியது எல்லாவற்றையும் மாற்றியது. பத்திரிகைகள் கொதித்தன. பாராளுமன்றம் 1994இல் குற்றவியல் நீதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் 63ஆம் பிரிவு, திறந்தவெளியில் 100 பேரோ அதற்கு மேலோ கூடி இரவில் உரத்த இசை கேட்டால் கலைக்கும் அதிகாரத்தைப் பொலிசுக்குத் தந்தது. எந்த இசை என்பதற்குச் சட்டத்திலேயே வரைவிலக்கணமும் எழுதினார்கள்: திரும்பத் திரும்ப ஒரே மாதிரி விழும் அடிகளைப் பெரும்பகுதியாகக் கொண்ட இசை. அது சட்டமாகி முடியும் முன்பே ஒட்டெக்கர் என்ற இருவர் குழு, எந்த இரு தாளவட்டமும் ஒன்றுபோல் வராத ஒரு பாட்டை அமைத்து வெளியிட்டது. ஒரு நாட்டின் சட்டம் தாளத்தின் கட்டமைப்பையே குறிவைத்ததும், கலைஞர்கள் தாளத்தாலேயே மறுமொழி சொன்னதும் இசை வரலாற்றில் அரிதாகக் காணக் கிடைப்பவை.

நம் பக்கம், காசில்மோட்டன் நடந்த அதே 1992இல்தான் அரசாங்கத் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. ரேவ் என்ற சொல்லையே கேளாத பண்டாரவளைக் காதுகளுக்கு அந்த எந்திர அடி இரண்டு வருடம் கழித்து, 1994இல், ‘காதலன்’ படக் கசட்டின் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

*

இனி நாடாக்களுக்கு வருவோம். இங்கிலாந்தில் சட்டபூர்வமான பெரிய ரேவ்களை நடத்திய ஃபன்டேசியா, ட்ரீம்ஸ்கேப், ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர் போன்ற அமைப்புகள், இரவு முழுவதையும் பதிந்து, ஆறு அல்லது எட்டுக் கசட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி விற்றன. ‘டேப் பேக்’ என்று பெயர். டிஜே ஒருவருக்கு ஒரு கசட், அல்லது ஒரு பக்கம். பெட்டியை வாங்கியவரிடமிருந்து பத்துப் பேர் பிரதி எடுப்பார்கள், அந்தப் பத்திலிருந்து இன்னும் ஐம்பது. ஒவ்வொரு கை மாறும்போதும் மேல்சுருதி கொஞ்சம் மங்கும், நாடாவின் ‘உஸ்’ கொஞ்சம் கூடும். நாலாம் கைப் பிரதியில் தாளத்தட்டு அழிந்து, மேளம் மட்டும் பஞ்சுக்குள்ளிருந்து கேட்கும். றெக்கோடிங் பார் காலத்துக் காதுகளுக்கு இது பழகிய சங்கதி.

அந்தப் பதிவுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒலிக்கலவைப் பலகையிலிருந்து நேரே கம்பி இழுத்துப் பதிந்தது. சுத்தமாக இருக்கும், ஆனால் அதில் கூட்டம் கிடையாது. 20 ஆயிரம் பேர் ஆடிய இரவு, ஒரு பூட்டிய அறையில் நடந்ததுபோல் இருக்கும். மற்றது, கூட்டத்தின் நடுவே யாரோ சட்டைப்பைக்குள் வைத்துப் பதிந்தது. பேஸ் வெடித்துச் சிதறும், பக்கத்தில் நிற்பவர் பேச்சு இடையே வரும், சட்டைத் துணி உரசும். ஆனால் அதில் மூச்சு இருக்கும். விசிலும் ஊதுகுழலும் கேட்கும். தாளம் ஒரு கணம் நின்று, பெருமூச்சுபோல் ஒரு மௌனம் வந்து, அடி மறுபடி விழும்போது ஆயிரம் தொண்டைகள் ஒன்றாகக் கத்துவது கேட்கும். இசையைக் கேட்க முதல் வகை நல்லது. அந்த இரவைக் கேட்க இரண்டாவதுதான் வேண்டும்.

பலகைப் பதிவுகளிலும் கூட்டம் உள்ளே நுழைய ஒரு வாசல் இருந்தது. எம்.சி. எனப்படும் அறிவிப்பாளரின் மைக். அவர் தாளத்தின்மேல் சந்தமாகப் பேசிக்கொண்டே வந்திருக்கும் ஊர்க்காரர்களைப் பெயர் சொல்லி அழைப்பார். ‘கொவென்ட்ரி ஆட்கள் எங்கே, லூட்டன் ஆட்கள் எங்கே’ என்ற மாதிரி. யாருக்கோ பிறந்தநாள் என்பார். தங்கள் ஊர்ப் பெயர் விழுந்த அந்த ஒரு விநாடிக்காகவே ஒரு கசட்டை 30 வருடம் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் உண்டு. நமது தோட்டத்துத் திருவிழாக் கசட் ஏதாவது ஒன்றை ஓடவிட்டால் இது விளங்கும். நாதஸ்வரத்துக்கும் பாட்டுக்கும் நடுவே, ‘மேல் டிவிஷன் இன்னார் குடும்பத்தினர் அன்பளிப்பு ரூபா 50’ என்று வாசிக்கிற குரல் வரும். பாட்டை எங்கேயும் கேட்கலாம். இறந்துபோன அப்பாவின் பெயரை லவுட்ஸ்பீக்கரில் வேறு எங்கே கேட்பது?

இன்னொரு காரணமும் இந்த நாடாக்களுக்கு மதிப்பைக் கூட்டியது. ஜங்கிள் என்ற வேகமான கிளை வளர்ந்த நாட்களில், டிஜேக்கள் வெளிவராத பாட்டுகளை லண்டனின் மியூசிக் ஹவுஸ் போன்ற இடங்களில் ஒற்றைப் பிரதித் தட்டாக வெட்டிக்கொண்டு நேரே இரவு நிகழ்ச்சிக்கு ஓடினார்கள். உலோகத் தகட்டின்மேல் அரக்குப் பூசிய அந்தத் தட்டு சில பத்துத் தடவை ஓடினாலே தேய்ந்துவிடும். பாட்டு பிறகு வெளிவந்தால் சரி. வெளிவராமலே போனவையும் ஏராளம். அவற்றுக்கு இன்று மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி, அந்த இரவில் ஓடிய கசட்.

அதே ஜங்கிள் இசையின் அடியில் ஓர் அநீதியும் ஓடுகிறது. 1969இல் த வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ பாட்டின் நடுவே, மற்றவர்கள் நிறுத்த, கிரெகரி கோல்மன் தனியே ஏழு விநாடி டிரம் அடித்திருப்பார். அந்த ஏழு விநாடியை வெட்டி, வேகம் கூட்டி, துண்டு துண்டாக்கித் திருப்பி அடுக்கித்தான் ஆயிரக்கணக்கான ஜங்கிள் பாட்டுகள் உருவாயின. கோல்மனுக்கு ஒரு சதம் போகவில்லை. 2006இல் அட்லாண்டாவில் வீடில்லாத மனிதராக அவர் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் இரசிகர்கள் சேர்த்து 24 ஆயிரம் பவுண் கொடுத்தார்கள். தாளம் அடித்தவரை மறந்துவிட்டுத் தாளத்தை மட்டும் எடுத்துக்கொள்வது எங்கும் நடக்கிறது. நம் ஊரிலும் நடந்திருக்கிறது. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

*

நமக்கு அருகில் நடந்த கதை கோவாவுடையது. 60களின் கடைசியில் அஞ்சுனா கடற்கரைக்கு வந்து தங்கிய ஹிப்பிகள் நிலா இரவுகளில் கிட்டாரும் டிரம்முமாகக் கூடினார்கள். 80களின் முதற்பாதியில் லோரன், ஃப்ரெட் டிஸ்கோ, கோவா கில் போன்றவர்கள் ரொக் இசையை ஓரங்கட்டிவிட்டு ஐரோப்பிய மின்னிசையைக் கசட்டில் கொண்டுவந்து ஓட்டத் தொடங்கினார்கள். இங்கே இசைத்தட்டு உதவாது. வெயிலில் வளையும், உப்புக்காற்றும் மண்ணும் அதன் காடியில் ஏறும். அதனால் கோவாவில் நாடாதான் அரசாண்டது. 1987இல் சோனி ‘டாட்’ எனப்படும் டிஜிட்டல் ஒலிநாடாவைக் கொண்டுவந்ததும் எல்லாரும் அதற்கு மாறினார்கள். இரண்டு தீப்பெட்டிகளை ஒட்டிவைத்த அளவுள்ள சின்னக் கசட் அது. ஒரு தோள்பையில் பல இரவுகளுக்கான பாட்டை அடக்கலாம்.

இங்கேதான் கருவி இசையின் உருவத்தையே மாற்றிய விஷயம் வருகிறது. இசைத்தட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஒரு பாட்டின் அடியை இன்னொன்றின் அடிமேல் பொருத்தலாம். இலண்டன் டிஜேக்கள் செய்தது அதைத்தான். அன்றைய டாட் கருவிகளில் அந்த வசதி கிடையாது. ஆகவே கோவாவில் ஒரு பாட்டைத் தாளம் இல்லாத நீண்ட ஒலிப்படலமாக முடிய விட்டு, அதே போன்ற படலத்தோடு தொடங்கும் அடுத்த பாட்டை மெல்ல உள்ளே கொண்டுவந்தார்கள். இசை அமைப்பவர்களும் இதை அறிந்து, பாட்டின் முதலிலும் முடிவிலும் அடி இல்லாத இரண்டு நிமிடம் வைத்தே அமைத்தார்கள். 90களில் ‘கோவா ட்ரான்ஸ்’ என்று உலகம் முழுக்கப் பெயர்பெற்ற இசையில், மூடுபனி விலகி மலை தெரிவதுபோல் தாளம் மெதுவாக வெளிப்படுகிறதே, அந்த அழகுக்கு ஒரு கருவியின் குறைபாடு காரணம்.

கலிபோர்னியாவில் பிறந்து 18 வயதில் இந்தியாவுக்கு வந்து ஜூனா அக்காடாவில் சாதுவாகத் தீட்சை பெற்ற கோவா கில், கணினியும் சீடியும் வந்த பிறகும் டாட் நாடாவை விடவில்லை. இரண்டு சிறு டாட் கருவிகளை வைத்துக்கொண்டு ஒரே இருப்பில் 24 மணி நேரம் வாசிப்பார். 2023 அக்டோபரில் அவர் காலமானார். அந்த இரவுகளில் வெள்ளைக்காரர் மட்டும் இருந்ததாக நினைக்கக்கூடாது. ஆடுகளத்தின் ஓரத்தில் பாய் விரித்து, மண்ணெண்ணெய் விளக்கு வைத்து, விடிய விடிய தேநீரும் ஒம்லெட்டும் விற்ற கோவாக் கிராமத்துப் பெண்கள் ஒவ்வொரு விருந்திலும் இருந்தார்கள். பதிவுகளில் அவர்கள் குரல் இல்லை. அவர்களும் அந்த இசையை விடியும் வரை கேட்டவர்கள்தான். அவர்கள் காதால் இந்த வரலாற்றை எழுத இன்னும் ஆள் வேண்டும்.

1994 டிசம்பர் 18ஆம் திகதி பீ.பீ.சீ. ரேடியோ வன்னில் போல் ஓக்கன்ஃபோல்ட் இரண்டு மணி நேரம் ஓட்டிய ‘கோவா மிக்ஸ்’ அந்தக் கடற்கரையை இங்கிலாந்தின் வரவேற்பறைக்குக் கொண்டுபோனது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சி-90 கசட் போதாது. நடுவில் எங்கே கசட்டைத் திருப்புவது, எந்தப் பாட்டில் அரை நிமிடம் தொலைப்பது என்ற கவலையோடு அன்று பதிந்தவர்களின் பிரதிகளில், வெட்டு விழுந்த இடம் ஆளுக்கு ஆள் வேறுபடும். பழக்கத்தில், அந்த வெட்டும் இசையின் ஒரு பகுதியாகவே அவர்கள் காதில் பதிந்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் இந்தியாவில் ஒலி மாசு விதிகள் வந்து, இரவு 10 மணிக்குப் பின் திறந்தவெளி ஒலிபெருக்கிக்குத் தடை விழுந்தது. கோவாவின் விடிய விடிய ஆட்டம் அதோடு தேயத் தொடங்கியது.

நம்மவர் பங்கும் இதில் உண்டு. தெற்காசியப் பிள்ளைகள் லண்டனில் தங்களுக்கென ஓர் இரவை உருவாக்கினார்கள். 1995இல் தப்லாக் கலைஞர் தல்வின் சிங் நடத்திய ‘அனோகா’ அதில் பெயர்போனது. ஜோய் குழுவின் ஹாரூன் ஷம்ஷேர் வங்காள தேசத்துக்குப் போய் ஊர்ப் பாடகர்களைப் பதிந்து வந்தார். திரும்பிய கொஞ்ச நாளில், 1999இல், இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற நாடாக்களை வைத்து சகோதரர் ஃபாரூக் அடுத்த வருடம் வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயர் ‘வீ ஆர் த்ரீ’. ஈழத்தில் சிறுவயதைக் கழித்து அகதியாக லண்டன் திரும்பிய மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் தந்தையின் பெயரையே சூட்டி வெளியிட்ட ‘அருளர்’ தொகுப்பும் இந்த எந்திரத் தாள மரபின் பேரப்பிள்ளைதான்.

*

டாட் நாடாவுக்கு ஒரு குணம் உண்டு. சாதாரணக் கசட் பழுதானால் இரைச்சலோடாவது பாடும். டாட் பழுதானால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், பிறகு சுத்தமான மௌனம். சோனி 2005இல் டாட் கருவி தயாரிப்பையே நிறுத்திவிட்டது. நாடா இருந்தாலும் ஓட்டக் கருவி கிடையாது என்ற நிலை. பிரித்தானிய நூலகம் 2015இல் ஒலிக்காப்புத் திட்டமொன்றைத் தொடங்கியபோது, பழைய ஒலிப்பதிவுகளைப் படிக்க இன்னும் 15 வருடம்தான் என்று கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கின்படி 2030உடன் கெடு முடிகிறது.

இந்தக் கெடு ஊவாவுக்கும் பொருந்தும். அடித்த தாளமே திரும்பத் திரும்ப அடிக்க, மனிதர்கள் விடிய விடிய ஆடிய இரவுகள் இங்கே புதிதல்ல. மாசி மாதத்தில் காமன் ஊன்றி, ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடிவந்து, கடைசி இரவில் காமன் எரிவது வரை பொட்டலில் தப்பு மேளம் ஓயாது. அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அப்படித்தான். காலையில் பெரட்டுக்கு ஆள் திரட்டியதும் தப்பு, சாவு வீட்டில் முழங்கியதும் தப்பு, கோயிலில் சாமி இறக்கியதும் தப்பு. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. தூரத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டு நிற்பவர்கள் அந்த அடியைக் கேட்டே கீழே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து நூலாக்கித் தந்ததால் பாட்டின் சொல் தப்பியது. அடி தாளில் ஏறாது. தப்பு அடித்தவர்களைச் சாதி சொல்லித் தள்ளி வைத்த ஊர், அவர்கள் பிள்ளைகள் அந்தத் தோலைத் தொட விரும்பாதபோது ஆச்சரியப்படுவதில் நியாயம் இல்லை. கோல்மனின் ஏழு விநாடிக்கு இரசிகர்கள் பிந்தியாவது பணம் சேர்த்தார்கள். நமது தப்புக்காரர்களில் எத்தனை பேரின் பெயரை அவர்கள் அடித்த பதிவின் மேல் எழுதியிருக்கிறோம்?

பதிவுகளே இல்லை என்று சொல்ல முடியாது. 80களிலும் 90களிலும் வெளிநாடு போனவர்கள் கொண்டுவந்த ரேடியோ கசட் பிளேயர்கள் லயங்களில் இருந்தன. சிவப்புப் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்து அமுக்கிக் கூத்தையும் திருவிழாவையும் பதிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கருவிகள் ஒலியின் அளவைத் தாமே கூட்டிக் குறைப்பவை. தப்பு ஓங்கி விழுந்தால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அடி நின்றதும், கருவி காதைத் தீட்டிக்கொண்டு தூரத்து ஒலிகளை மேலே தூக்கும். அப்போதுதான் குழந்தை அழுவதும், யாரோ ‘பிளேன்டி குடிச்சிட்டு வாங்க’ என்பதும், நாய் குரைப்பதும், பனிக்குளிரில் ஒருவர் இருமுவதும் கேட்கும். ஒலி நுட்பம் தெரிந்தவர்கள் இதைக் குறை என்பார்கள். இங்கிலாந்தின் சட்டைப்பைப் பதிவுகள் எதற்காக மதிக்கப்படுகின்றனவோ, அதே உயிர் இந்தக் கசட்டுகளிலும் இருக்கிறது.

அவை இன்று பிஸ்கட் டின்னிலும் தகரப் பெட்டியிலும் கிடக்கின்றன. நமது மூடுபனிதான் அவற்றுக்கு எமன். கசட்டின் கண்ணாடிச் சன்னலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நாடாச் சுருளின் விளிம்பில் மாவு தூவியதுபோல் வெள்ளையாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். அதை அப்படியே கருவியில் போட்டால் பூஞ்சணம் கருவியின் தலைக்கும், அங்கிருந்து அடுத்த கசட்டுக்கும் பரவும். தனியே ஒரு பையில் பிரித்து வைக்க வேண்டும். மற்றவற்றை எடுத்ததும், மேல் விளிம்பில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் மடல்கள் இரண்டையும் உடைத்துவிட்டால் தவறியும் அதன்மேல் வேறு பாட்டுப் பதிய முடியாது. சுருள் இறுகியிருந்தால் பேனையைக் கசட்டின் சக்கரப் பல்லில் கொடுத்து ஒரு முறை கையால் மெதுவாகச் சுற்றி விடலாம். சி-90 நாடா சி-60ஐ விட மெல்லியது, ஆகவே அதில் இன்னும் நிதானம் வேண்டும். கூடு உடைந்தால் பயப்படத் தேவையில்லை, நாடாவை இன்னொரு கூட்டுக்கு மாற்றலாம். நல்ல கருவி ஒன்றில், தலையைத் துடைத்துச் சுத்தமாக்கி, கணினியில் பதிந்துகொண்டே ஒரே ஒரு முறை ஓட விடுவதுதான் வழி. முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகவும் இருக்கலாம்.

பதிந்ததும் ஊர், தோட்டம், டிவிஷன், வருடம், யார் தப்பு, யார் ரதி, யார் மன்மதன், யார் பதிந்தது எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும். டேப் பேக் பெட்டிகளின் மேல் டிஜே பெயரும் திகதியும் அச்சாகியிருந்ததால்தான் இன்று அவற்றை வரிசைப்படுத்த முடிகிறது. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழரின் நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் சேர்த்துக் காக்கிறது. மலையகம் பற்றிய ஆவணங்களுக்கும் அங்கே இடம் உண்டு.

ஊவாவில் ஒக்டோபரில் மழை பிடித்தால் ஜனவரி வரை ஈரம் விடாது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை, தேயிலைக்கு மணம் ஏற்றும் அந்தக் காய்ந்த கச்சான் காற்று வீசும் மாதங்கள்தான் பெட்டியைத் திறக்கச் சரியான நேரம். அட்டலில் காமன் கூத்துக் கசட் ஒன்று இருந்தால், இந்த வருடக் கச்சானிலேயே அதை இறக்கி எடுத்துவிடுங்கள்.

(தொடரும்)